சாப்பாடு போடுற சர்ச்சுங்களே ஏன் அரசாங்கத்துக்கிட்ட போய் நிக்குறாங்க? அமெரிக்காவோட பசிக் கணக்கு

2025 ஜூலை 4ஆம் தேதி ட்ரம்ப் கையெழுத்து போட்ட அந்த "ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்" சட்டத்துல ஏழைகளுக்கான உணவு உதவில பெரிய வெட்டு விழுந்துச்சு. அதை எதிர்த்து பேசினவங்க லிஸ்ட்ட பாத்தா பாதிரியார், கன்னியாஸ்திரி, ரப்பி (யூத மத குரு)ன்னு மத ஆளுங்க நிறைய பேர் இருந்தாங்க. இதை பாத்துட்டு நிறைய பேர் கேக்குற கேள்வி ரெண்டு. ஒண்ணு, பசிக்கு சாப்பாடு போடுறது கோயில், சர்ச், மசூதி வேலை தானே, அதை ஏன் அரசாங்கத்து மேல தள்ளுறாங்க? ரெண்டாவது, அமெரிக்காவுல மதமும் அரசும் தனித்தனின்னு சொல்றாங்களே, இது எப்படி சட்டப்படி சரி?

ரெண்டுக்கும் பதில் இருக்கு, ஆனா முதல் கேள்விக்கான பதில் வேதத்துல இருக்குறத விட கூட்டல் கழித்தல்ல தான் அதிகமா இருக்கு.

முதல்ல சில வார்த்தைகள்

ஸ்நாப்: முன்னாடி ஃபுட் ஸ்டாம்ப்னு சொல்லுவாங்களே அது தான். 1964ல சட்டமாச்சு. இப்ப சீட்டு கிடையாது, ஏடிஎம் கார்டு மாதிரி ஒரு கார்டு, மாசாமாசம் அதுல பணம் ஏறும், அதை வச்சு மளிகை வாங்கலாம். மது, சிகரெட், சுடச்சுட சமைச்ச சாப்பாடு இதெல்லாம் பொதுவா வாங்க முடியாது. 2024 நிதியாண்டுல மாசத்துக்கு சராசரியா 4.17 கோடி பேர் வாங்கினாங்க. ஒரு ஆளுக்கு மாசம் சராசரியா 187 டாலர், அதாவது ஒரு நாளைக்கு ஆறு டாலர் சொச்சம்.

உணவு பாதுகாப்பின்மை: பட்டினின்னு நேரடி அர்த்தம் கிடையாது. வருஷத்துல எப்பவாவது பணம் இல்லாம வீட்டுல எல்லாருக்கும் போதுமான சாப்பாடு கிடைக்கும்னு உறுதியா சொல்ல முடியாத நிலைமை. 2023ல அமெரிக்க வீடுகள்ல 13.5 சதவீதம் இப்படி இருந்துச்சு, ஆள் கணக்குல 4.74 கோடி. உலகத்துலயே பெரிய பொருளாதாரத்துல இது.

ஃபுட் பேங்க், ஃபுட் பேன்ட்ரி: பேங்க்ங்கிறது பெரிய குடோன், பேன்ட்ரிங்கிறது அங்கிருந்து சரக்கு எடுத்து ஜனங்களுக்கு நேரா குடுக்குற இடம். பேன்ட்ரிகள்ல நிறைய சர்ச் ஹால்ல, சர்ச் பேஸ்மென்ட்ல தான் நடக்குது, நடத்துறவங்க பெரும்பாலும் சம்பளம் வாங்காத வாலன்டியருங்க.

உரிமைத் திட்டம்: இது முக்கியம், இதை விட்டா மீதி எதுவும் புரியாது. ஸ்நாப்ல தகுதி இருக்குற எல்லாருக்கும் குடுத்தாகணும், இந்த வருஷம் பணம் தீந்துபோச்சு அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்ல முடியாது. வேலை போனவங்க அதிகமானா செலவு தானா ஏறும், நிலைமை சரியானா தானா இறங்கும்.

அப்புறம் காங்கிரஸ்னு கீழ வர்றதெல்லாம் அவங்க பார்லிமென்ட், நம்ம கட்சி இல்ல.

ஒண்ணுக்கு ஒன்பது

ஃபீடிங் அமெரிக்கான்னு நாடு முழுக்க ஃபுட் பேங்குகள ஒண்ணா சேத்து வச்சிருக்குற பெரிய நெட்வொர்க் இருக்கு. அவங்களே பல வருஷமா சொல்லிட்டு வர்ற கணக்கு என்னன்னா, நாங்க ஒரு வேளை சாப்பாடு குடுத்தா ஸ்நாப் ஒன்பது வேளை குடுக்குது. தானம் குடுங்கன்னு கேக்குற அமைப்பு இப்படி தன்னைப் பத்தியே சொல்லுதுன்னா அதுல விஷயம் இருக்கு.

இதை இன்னும் கிட்ட வந்து பாப்போம். புது சட்டத்தால பத்து வருஷத்துல ஸ்நாப்ல குறையுற தொகை சுமார் 18,700 கோடி டாலர்னு காங்கிரஸோட பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டுச்சு. வருஷத்துக்கு 1,870 கோடி. அமெரிக்காவுல எல்லா மதத்தோட வழிபாட்டு இடங்களையும் சேத்தா சுமார் மூணரை லட்சம் வரும். வகுத்துப் பாருங்க, ஒவ்வொரு சர்ச்சும் மசூதியும் யூத ஆலயமும் கோயிலும் இப்ப செய்றதுக்கு மேல வருஷா வருஷம் 53,000 டாலருக்கு மேல எடுத்து வைக்கணும், பத்து வருஷத்துக்கு. டிவில வர்ற மெகா சர்ச்ச நினைச்சுக்கிட்டு இது முடியும்னு தோணலாம், ஆனா நடுத்தரமான ஒரு சபைல வாராவாரம் வர்றது சுமார் 65 பேர் தான், அதுல குழந்தையும் பென்ஷன்காரரும் சேத்தி. ஆளுக்கு 800 டாலருக்கு மேல ஆகுது. கூரை ஒழுகுறத சரிபண்ணவே வருஷக்கணக்கா வசூல் பண்ற சபைங்க அதெல்லாம்.

இது புதுசா போட்ட கணக்கும் இல்ல. 2012ல ஸ்நாப்பையும் மத்த ஏழைகள் திட்டங்களையும் வெட்ட ஒரு பட்ஜெட் வந்தப்ப பிரெட் ஃபார் தி வேர்ல்டுங்கிற கிறிஸ்தவ அமைப்பு இதே மாதிரி வகுத்து, ஒரு சபைக்கு வருஷம் சுமார் 50,000 டாலர்னு சொன்னாங்க. அந்த வருஷம் தான் கன்னியாஸ்திரிங்க பஸ் எடுத்துக்கிட்டு மாநிலம் மாநிலமா போய் அந்த பட்ஜெட்டுக்கு எதிரா பேசினாங்க, "நன்ஸ் ஆன் தி பஸ்"னு அப்ப ரொம்ப ஃபேமஸ்.

அளவு மட்டும் பிரச்சினை இல்ல, நேரமும் பிரச்சினை. பொருளாதாரம் படுத்துச்சுன்னா வேலை போனவங்க பேன்ட்ரிக்கு வருவாங்க, அதே நேரத்துல தான் காணிக்கை போடுறவங்க கையும் சுருங்கும், ஏன்னா ரெண்டு பேரும் ஒரே ஊர் தானே, பல நேரம் ஒரே ஆளு தான், போன வருஷம் காணிக்கை போட்டவரு இந்த வருஷம் பை எடுத்துக்கிட்டு வரிசைல நிப்பாரு. தேவை ஏறும்போது தானம் இறங்குது. ஸ்நாப் இதுக்கு நேர் எதிரா வேலை செய்யும். 2008ல 2.8 கோடி பேர் வாங்கிட்டு இருந்தாங்க, மந்தநிலை வந்து 2013ல அது 4.76 கோடி ஆச்சு. எந்த தர்ம ஸ்தாபனமும் அஞ்சு வருஷத்துல ரெண்டு கோடி பேர கூடுதலா ஏத்துக்க முடியாது.

2025 நவம்பர்ல இதுக்கு ஒரு நேரடி டெஸ்ட்டே நடந்துச்சு. காங்கிரஸ்ல செலவு மசோதா பாஸ் ஆகாம அரசாங்கம் 43 நாள் ஷட்டவுன்ல (பாதி மூடி) இருந்தப்ப நவம்பர் 1ஆம் தேதிலேர்ந்து கார்டுல ஏற வேண்டிய பணம் ஏறல. பேன்ட்ரி வாசல்கள்ல வரிசை எப்படி நீண்டுச்சுன்னு எல்லா சேனல்லயும் காமிச்சாங்க. சில வாரம் தான் அது, அதுக்கே அப்படி.

வேதத்துல என்ன இருக்கு

கடவுள் நம்பிக்கை உள்ளவங்க கணக்க மட்டும் வச்சு பேசமாட்டாங்க. அவங்க எடுத்துக் காட்டுற வசனங்கள்ல ஒரு பொதுவான விஷயம் இருக்கு, அதை யாரும் பெருசா கவனிக்கறதில்ல: இரக்கம் மட்டும் இல்ல, அதுல சட்டமும் இருக்கு.

1. பைபிள்ல லேவியராகமம் 19ல அறுவடை பண்ணும்போது வயலோட ஓரத்த அறுக்காதே, சிந்தின கதிர பொறுக்காதே, அது ஏழைக்கும் அந்நியனுக்கும்னு வருது. நிலத்துக்காரர் மனசு வச்சா குடுக்கலாம்னு இல்ல, அது அவங்க பங்கு. பைபிள்ல வர்ற ஏழை விதவை ரூத், போவாஸ்ங்கிறவரோட வயல்ல போய் கதிர் பொறுக்கினது இந்த விதிய வச்சு தான்.

2. யூதங்க தானத்துக்கு சொல்ற வார்த்தை செதாக்கா. அதோட வேர்ச்சொல்லுக்கு அர்த்தம் நீதி. மசோன்னு ஒரு யூத அமைப்பு 1985ல ஆரம்பிச்சாங்க, கல்யாணம் மாதிரி விருந்து வைக்கிறவங்க செலவுல 3 சதவீதத்த பசிக்கு எடுத்து வைங்கன்னு கேட்டாங்க, இன்னைக்கு அவங்க முக்கியமான வேலையே கொள்கை மாற்றத்துக்கு குரல் குடுக்குறது தான்.

3. குர்ஆன்ல ஜக்காத் (முஸ்லிம்களுக்கு கட்டாயமான தானம்) யாருக்கு போகணும்னு எட்டு வகை சொல்லியிருக்கு (9:60). அதுல ஒரு வகை, ஜக்காத்த வசூல் பண்ற வேலைல இருக்குறவங்க. அதாவது வசூலிக்கவும் பிரிச்சு குடுக்கவும் ஒரு அமைப்பு இருக்கும்னு அங்கேயே எதிர்பாக்குறாங்க.

4. ஆதியாகமம் 41, யோசேப்பு கதை. ஏழு வருஷ செழிப்புல விளைச்சல்ல அஞ்சுல ஒரு பங்க சேத்து வச்சு ஏழு வருஷ பஞ்சத்த சமாளிக்கிறது. தானியம் சேத்தது எகிப்து ராஜா பார்வோனோட அரசாங்கம், கோயில் இல்ல.

எதிர் பக்கத்துக்கும் வசனம் இருக்கு. வேலை செய்ய மனசில்லாதவன் சாப்பிடவும் கூடாதுன்னு 2 தெசலோனிக்கேயர் 3:10 சொல்லுது, 2013ல டென்னசி மாநில எம்.பி. ஸ்டீஃபன் ஃபின்ச்சர் இதை எடுத்து விட்டாரு, ஸ்நாப்ப குறைக்கணும்னு. அவரு விவசாயி, அரசாங்க விவசாய மானியம் லட்சக்கணக்கான டாலர் வாங்கினவர்னு உடனே எதிர்ப்பாளருங்க எடுத்து போட்டாங்க. அந்த வசனத்த முழுசா படிச்சா மனசில்லாதவன்னு தான் இருக்கு, வேலை கிடைக்காதவன்னோ முடியாதவன்னோ இல்ல. ஸ்நாப் வாங்குறவங்கள்ல பெரும்பகுதி குழந்தைங்க, வயசானவங்க, மாற்றுத்திறனாளிங்க, அதோட வேலை பாத்தும் பத்தாதவங்க. இந்த வாதத்துல எனக்கு அந்தப் பக்கம் ரொம்ப பலவீனமா தான் தெரியுது.

கேக்குறதுன்னா எப்படி கேக்குறாங்க

1970கள்ல நியூயார்க்ல ஏழைங்க இருக்குற லோயர் ஈஸ்ட் சைடுல ஆர்தர் சைமன்னு ஒரு லூத்தரன் பாஸ்டர். சபைக்கு பசியோட வர்றவங்களுக்கு சாப்பாடு குடுத்துக்கிட்டே இருந்தாலும் வர்றவங்க குறையலங்கிறத பாத்துட்டு, கத்தோலிக்கரையும் புராட்டஸ்டன்ட்டையும் சேத்து 1974ல ஆரம்பிச்சது தான் மேல சொன்ன பிரெட் ஃபார் தி வேர்ல்டு. பேர்ல ரொட்டி இருக்கு, ஆனா அவங்க ரொட்டி குடுக்கறதில்ல. அவங்க செய்றது குடிமக்களா கோரிக்கை வைக்கிறது மட்டும்.

அவங்களோட முக்கிய ஆயுதம் கடிதம். ஞாயித்துக்கிழமை ஆராதனைல காணிக்கை தட்டு சுத்தி வரும்ல, அதுல பணத்தோட சேத்து தன்னோட எம்.பி.க்கு கைப்பட எழுதின கடிதத்தையும் போடுவாங்க. கேக்க சின்னப்பிள்ளத்தனமா இருக்கும். ஆனா எம்.பி. ஆபீஸ்கள்ல ஒரு விஷயத்துக்கு தொகுதிலேர்ந்து எத்தனை பேர் எழுதினாங்க, போன் பண்ணாங்கன்னு கணக்கு எடுப்பாங்க, பசி மாதிரி பெரிய லாபி இல்லாத விஷயத்துக்கு தொகுதி ஆளுங்க கைப்பட எழுதின கொஞ்சம் கடிதமே தனியா தெரியும்.

இது வேலை செஞ்சதுக்கு நல்ல உதாரணம் 1999ல நடந்தது. ஏழை நாடுங்க வாங்கின பழைய கடனுக்கு வட்டி கட்டியே பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசில்லாம கிடந்தாங்க, அந்தக் கடன தள்ளுபடி பண்ணணும்னு ஜூபிலி 2000 இயக்கம் உலகம் முழுக்க நடந்துட்டு இருந்துச்சு. ஜூபிலிங்கிற பேரே லேவியராகமம் 25லேர்ந்து, அம்பது வருஷத்துக்கு ஒருதரம் அடிமைங்களுக்கு விடுதலை, இழந்த நிலம் திரும்ப வரும்னு வர்ற அதிகாரம். அமெரிக்க காங்கிரஸ்ல இதுக்கான சப்கமிட்டி தலைவரா இருந்தது ஸ்பென்சர் பாக்கஸ், அலபாமாவோட பர்மிங்ஹாம் பக்கத்து ரிபப்ளிகன் (ட்ரம்ப்போட கட்சி), கெட்டியான கன்சர்வேடிவ். வெளிநாட்டு உதவிக்கு கை தூக்குற ஆளே இல்ல. பர்மிங்ஹாம்லேர்ந்து பிரெட் ஃபார் தி வேர்ல்டு உறுப்பினர்கள், அவரோட சொந்த வாக்காளருங்க, வாஷிங்டனுக்கே போய் அவர பாத்து விளக்கிச் சொன்னாங்க. மனுஷன் மாறிட்டாரு, மாறினதோட நிக்காம கடன் தள்ளுபடிக்கு முக்கியமான குரலாவே ஆயிட்டாரு. 2000ல காங்கிரஸ் அதுக்கு 43.5 கோடி டாலர் ஒதுக்குச்சு. கடன் சுமை குறைஞ்ச நாடுகள்ல டான்சானியாவும் ஒண்ணு, கொஞ்ச நாள்லயே அங்க ஆரம்பப் பள்ளி ஃபீஸ எடுத்துட்டாங்க.

இதுல கவனிக்க வேண்டியது, பெரிய பிஷப்புங்க அறிக்கை விட்டதால அவரு மாறல. தொகுதிக்காரங்க, அதுவும் தன்ன மாதிரியே சர்ச்சுக்கு போறவங்க, நேர்ல வந்ததால மாறினாரு.

மதம், அரசு, சட்டம்: எது செய்யலாம் எது கூடாது

இது சீக்கிரம் முடிச்சுடலாம். அமெரிக்காவுல தனித்தனின்னா அரசு ஒரு மதத்த நிறுவக்கூடாதுன்னு அர்த்தம், மத ஆளுங்க அரசியல் பேசவே கூடாதுன்னு இல்ல. வருமானவரி சட்டத்துல 501(சி)(3)ங்கிற பிரிவுல வர்ற சர்ச், தர்ம ஸ்தாபனங்க இன்ன ஆளுக்கு ஓட்டு போடுங்கன்னு சொல்லக்கூடாது (1954லேர்ந்து இந்த விதி), ஆனா ஒரு மசோதாவ ஆதரிக்கவும் எதிர்க்கவும் ஓரளவு வேலை செய்யலாம், அது அவங்க மொத்த வேலைல பெரும்பங்கா ஆயிடக்கூடாது அவ்வளவு தான். முழுநேரமும் அதே வேலைன்னா 501(சி)(4)னு வேற பிரிவுல பதியணும், அதுக்கு குடுக்குற நன்கொடைக்கு வரிவிலக்கு கிடையாது. பிரெட் ஃபார் தி வேர்ல்டு அந்த ரெண்டாவது வகை.

புது சட்டம் என்ன மாத்துச்சு

1. வேலை நிபந்தனை. மாசம் 80 மணி நேரம் வேலையோ பயிற்சியோ காட்டலன்னா மூணு வருஷத்துல மூணு மாசம் தான் ஸ்நாப்ங்கிற விதி முன்னாடி 54 வயசு வரைக்கும் இருந்துச்சு, இப்ப 64 வரைக்கும். 14 வயசுக்கு கீழ பிள்ளை இல்லாத பெத்தவங்களும் இப்ப உள்ள வர்றாங்க. வீடில்லாதவங்க, முன்னாள் ராணுவத்தினருக்கு 2023ல குடுத்த விலக்கும் போச்சு. இந்த ஒரு மாற்றத்தால மட்டும் சராசரி மாசத்துல சுமார் 24 லட்சம் பேர் குறைவாங்கன்னு பட்ஜெட் அலுவலகத்தோட கணிப்பு. இதுல எல்லாரும் சோம்பேறின்னு நினைச்சா தப்பு, மணிக்கணக்கு நிலையா இல்லாத ஓட்டல், கடை வேலைல இருக்குறவங்க பேப்பர் சரியா குடுக்க முடியாம விழுவாங்க.

2. அகதிகள். அகதியா ஏத்துக்கிட்டவங்க, அடைக்கலம் கிடைச்சவங்க கிரீன் கார்டு வர்ற வரைக்கும் ஸ்நாப் வாங்க முடியாது. இவங்கள வரவேற்று வீடு பாத்து குடுக்குற வேலைய பல பத்து வருஷமா செய்றது மத அமைப்புங்க தான், அதனால இந்த ஒரு வரி அவங்கள நேரா அடிச்சது.

3. மாநிலங்க தலையில பங்கு. இது தான் எனக்கு எல்லாத்தையும் விட பெருசா படுது, ஆனா நியூஸ்ல கம்மியா வருது. இதுவரைக்கும் ஸ்நாப் பணம் முழுக்க மத்திய அரசோடது, நிர்வாகச் செலவு மட்டும் பாதி பாதி. 2026 அக்டோபர்லேர்ந்து நிர்வாகச் செலவுல மாநிலப் பங்கு 75 சதவீதம். 2027 அக்டோபர்லேர்ந்து, கணக்குல தப்பு 6 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்குற மாநிலம் உதவித்தொகைலயே 5லேர்ந்து 15 சதவீதம் வரைக்கும் கட்டணும். 2024ல தேசிய சராசரி தப்பு விகிதமே 10.93 சதவீதம், அப்ப எத்தனை மாநிலம் மாட்டும்னு யோசிங்க. தப்புன்னா திருட்டு இல்ல, கூட குடுத்தது குறைய குடுத்தது ரெண்டும் சேத்து, பெரும்பாலும் பேப்பர் வேலைல வர்றது. வேடிக்கை என்னன்னா தப்பு ரொம்ப அதிகமா இருக்குற மாநிலங்களுக்கு கூடுதல் அவகாசமும் குடுத்திருக்காங்க. காசில்லாத மாநிலம் என்ன செய்யும்? ஆள சேக்குறத கடினமாக்கும். உரிமைத் திட்டம்னு மேல சொன்னேனே, அது பேருக்கு அப்படியே இருக்கும், உள்ளுக்குள்ள அரிச்சுரும்.

இவங்க பக்கத்துல இருக்குற ஓட்டைங்க

மத அமைப்புங்க சொல்றதெல்லாம் சுத்தம்னு எடுத்துக்க வேண்டாம்.

முதல் ஓட்டை மேடைக்கும் பெஞ்சுக்கும் நடுவுல இருக்கு. கடிதத்துல கையெழுத்து போடுறது தலைவருங்க, ஆனா அந்த சபைல உக்காந்திருக்குறவங்க, முக்கியமா வெள்ளை எவாஞ்சலிக்கல் (பைபிள கறாரா பின்பற்றுற புராட்டஸ்டன்ட்) சபைங்க, வெட்டு போட்ட ரிபப்ளிகன் கட்சிக்கே பெருவாரியா ஓட்டு போடுறாங்க. இது எம்.பி.களுக்கு நல்லா தெரியும். 2011ல பட்ஜெட் சண்டை நேரத்துல கத்தோலிக்கர், எவாஞ்சலிக்கல், கறுப்பின சபைங்கன்னு எல்லாரும் சேந்து சர்க்கிள் ஆஃப் புரொடெக்ஷன்னு கூட்டணி போட்டதும் இந்த இடைவெளிய அடைக்கத் தான், ஓரளவு தான் அடைபட்டுச்சு. 2025 மசோதா செனட்ல 51க்கு 50, கீழ்சபைல 218க்கு 214. ரெண்டு மூணு பேர் மனசு மாறியிருந்தா கதையே வேற, பர்மிங்ஹாம் மாதிரி ஒண்ணு இந்த தடவ நடக்கல.

ரெண்டாவது, காசு. கத்தோலிக் ரிலீஃப் சர்வீசஸ் மாதிரி பெரிய அமைப்புங்களோட வெளிநாட்டு வேலைக்கு அரசாங்கப் பணம் பெரிய ஆதாரம், பட்ஜெட்ல சுமார் பாதி அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டுலேர்ந்து வந்துச்சு. அப்ப உங்க சொந்த ஃபண்டுக்காக தானே பேசுறீங்கன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்லியாகணும். நியாயமான கேள்வி தான். ஆனா ஸ்நாப் விஷயத்துல அது பொருந்தாது, அந்தப் பணம் நேரா குடும்பத்தோட கார்டுக்கு போகுது, சர்ச் வழியா போகல.

மூணாவது வாதம், அரசாங்கம் செஞ்சா உறவு இல்ல, சர்ச் செஞ்சா மனுஷன மனுஷன் பாக்குறான்னு. இதுல உண்மை இருக்கு. ஆனா 2021ல குழந்தைகளுக்கான வரிச்சலுகைய பெருசாக்கி மாசாமாசம் குடுத்தப்ப குழந்தை வறுமை 5.2 சதவீதத்துக்கு இறங்குச்சு, அதை நிறுத்தின அடுத்த வருஷம் 12.4. உறவு இல்லாம வந்த பணம் தான் அது.

வெளிநாட்டுல

உள்நாட்டு வெட்டாவது நியூஸ்ல வருது. 2024ல உலகத்துல 67.3 கோடி பேர் பசில இருந்தாங்கன்னு ஐ.நா. அமைப்புங்களோட கணக்கு, 2030ல பசியே இருக்கக்கூடாதுன்னு உலக நாடுங்க 2015ல இலக்கு வச்சாங்க, இப்ப போற போக்குல அந்த வருஷம் 51 கோடி பேர் மிச்சம் இருப்பாங்க. இந்த நிலைமைல யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1ஓட மூடிட்டாங்க. ஸ்நாப் மாதிரி இது உரிமைத் திட்டம் இல்ல, வருஷா வருஷம் காங்கிரஸ் ஒதுக்கினா தான் உண்டு, அதோட இதுல பயன்பெறுறவங்க யாருக்கும் அமெரிக்காவுல ஓட்டு இல்ல. அதனால அவங்களுக்காக எழுதுறதுக்கு சபைல உக்காந்திருக்குறவங்கள விட்டா பெருசா ஆளே கிடையாது.

அடுத்து என்ன பாக்கணும்

ரெண்டு இடம். ஒண்ணு மாநில சட்டசபைங்க, 2027க்குள்ள பட்ஜெட்ல இடம் ஒதுக்குறாங்களா இல்லையான்னு. இதுவரைக்கும் வாஷிங்டன பாத்தே வேலை செஞ்ச மத அமைப்புங்க இப்ப அம்பது தலைநகருக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கு.

ரெண்டாவது, எண்ணிக்கை. 4.74 கோடின்னு மேல சொன்ன புள்ளிவிவரம் விவசாயத்துறை 1990கள்லேர்ந்து வருஷா வருஷம் எடுத்துட்டு வந்த சர்வேல வந்தது. 2025 செப்டம்பர்ல அதை இனிமே எடுக்கமாட்டோம்னு அறிவிச்சுட்டாங்க. வெட்டோட முழு பாதிப்பும் தெரியப்போறது 2026க்கும் 2028க்கும் நடுவுல, சரியா அந்த வருஷங்களுக்கு இந்த எண்ணிக்கை இருக்காது. தனியார் சர்வேங்க இருக்கும், ஆனா முப்பது வருஷமா ஒரே கேள்விய கேட்டு வந்த தொடர்ச்சி அதுல கிடையாது. அதனால பேன்ட்ரி நடத்துற சபைங்க வாராவாரம் எத்தனை குடும்பம் வந்துச்சு, அதுல புதுசா வந்தவங்க எத்தனைன்னு எழுதி வைக்கிற அந்த நோட்டுக்கு இனிமே வேலை அதிகம், எம்.பி. ஆபீஸ்ல போய் உக்காரும்போது அவங்க கையில காட்ட இருக்கப்போறது பெரும்பாலும் அது தான்.